யார் வீட்டுக் கோழி முதலில் தும்மியது

டெய்லரம்மாவுக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. ஜாக்கெட் தைக்க வருகிறவள் "போன தடவை அளவே போதும், நான் இளைக்கவும் இல்லை பெருக்கவும் இல்லை" என்று சத்தியமே செய்தாலும், டேப்பை எடுத்து ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவாள். பெரும்பாலும் டேப்தான் ஜெயிக்கும். மனிதர்கள் சொல்வது ஒன்று, இருப்பது ஒன்று என்பது அவள் தொழிலில் தினமும் நிரூபணமாகிற விஷயம். அதனால் அந்தக் குணம் அவளிடம் நன்றாக வேர் பிடித்துவிட்டது.

ஆகவே, ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தபோது சாம்பல் நிறப் பெட்டைக்கோழி தலையை உதறித் தும்மியதும், அது எதனால் தும்மியது என்று அவள் யோசிக்கவில்லை. யாரால் தும்மியது என்றுதான் யோசித்தாள்.

"தூசி ஏறியிருக்கும்" என்றார் கணவர், வாயில் பிரஷ்ஷோடு. அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். எது கெட்டாலும் முதலில் வாஷரை மாற்றிப் பார்க்கலாம் என்கிற ரகம்.

தூசி இல்லை. மறுநாள் இன்னொரு கோழி தும்மியது. அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது. கண்ணோரத்தில் சோப்பு நுரை போலக் கட்டியது. மூக்குத் துவாரத்தில் சளி வந்து, அதில் தீவனத்தூள் ஒட்டி அடைத்துக்கொண்டது. சாயங்காலம் எல்லாம் அடைந்த பிறகு கூண்டருகே நின்றால் உள்ளே யாரோ குறட்டை விடுவது போலக் கரகரவென்று சத்தம். டெய்லரம்மா ஒவ்வொன்றாகத் தூக்கி, நெஞ்சுப் பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கேட்டாள். மிஷினில் எண்ணெய் வற்றினால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுகிற காது அது. கோழிகளின் நெஞ்சுக்குள் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. முட்டையும் குறைந்தது. சேவல் மட்டும் கம்பீரமாகக் கொண்டையை ஆட்டிக்கொண்டு உலாவியது. கொஞ்ச நாள் முன்பு கணவர் வேலைக்குப் போன வீட்டில் கொடுத்தார்கள் என்று கொண்டு வந்த செவலைச் சேவல் அது. அது ஒன்றாவது தெம்பாக இருக்கிறதே என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

தேற்றிக்கொண்ட கையோடு, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

அந்தப் பக்கம் கொழுந்தன் வீடு. மாமனார் கட்டிய வீடுதான், பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுந்துவிட்டது. அண்ணனும் தம்பியும் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெருவில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செருப்பு வார் அறுந்துபோகும், குனிந்துகொள்வார்கள். கொல்லையை மட்டும் சுவர் வைத்துப் பிரிக்கவில்லை. கம்பிவலை கட்டி, அதில் சின்னதாக ஒரு கதவு விட்டிருந்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் இரண்டு வீடும் ஒரு குடும்பமாக மிச்சமிருந்தது.

அதற்குக் காரணம் கொழுந்தன் மனைவி. எல்லோருக்கும் அவள் சின்னவள். காலையில் பேக்கரி வேலைக்குப் போய் மதியம் திரும்புவாள். வந்ததும் கதவருகே நின்று "அக்கா!" என்று ஒரு குரல் கொடுப்பாள். டெய்லரம்மாவுக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அந்த ஒரு "அக்கா"வுக்காக, எவ்வளவு அவசரத் தையலாக இருந்தாலும் பாதியில் எழுந்து போவாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சின்னவளிடமும்தான். இந்தக் கோழி விவகாரம் முற்றினால் அந்தக் கதவுக்கும் பூட்டு விழும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் இருந்தது. ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் அவளால் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

சந்தேகப்படுகிற மாதிரித்தான் சின்னவளும் நடந்துகொண்டாள். அவளிடமும் கோழிகள் உண்டு. பேக்கரிக்கே முட்டை கொடுத்துவந்தாள். திடீரென்று ஒரு நாள் கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கம்பிவலை மேல் சாக்கு கட்டினாள். கூண்டுக்குள் போவதற்கென்று தனியாக ஒரு ஜோடி செருப்பு வைத்தாள். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கை கழுவினாள்.

"கோழிக்கு எதுக்குடி இவ்வளவு மரியாதை?" என்று கேட்டாள் டெய்லரம்மா, சிரித்துக்கொண்டே.

"பேக்கரி முதலாளியம்மா சொன்னாங்க அக்கா. அங்கங்க கோழிக்குச் சீக்கு வருதாம். சுத்தமா வச்சுக்கச் சொன்னாங்க."

பதில் கேட்டவுடனே வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறவள் கொஞ்சமாவது யோசித்துச் சொல்வாள், இது முன்கூட்டியே தைத்து வைத்த பதில் என்று டெய்லரம்மா முடிவு கட்டினாள். சீக்கு என்ற வார்த்தை வேறு அவள் வாயிலிருந்தே வந்திருக்கிறது. போதாததற்கு, சின்னவள் பேக்கரியிலிருந்து பழைய முட்டை அட்டைகளை அடுக்காகக் கட்டிக் கொண்டு வருவதை இவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். எத்தனை பண்ணை முட்டை உட்கார்ந்த அட்டையோ!

"அவ கூண்டுல ஏதோ இருக்கு. மூடி மறைக்கிறா" என்றாள் கணவரிடம்.

"சாக்கு கட்டினா மறைக்கிறதா? வெயிலுக்குக் கட்டியிருப்பா."

"உங்களுக்கு எல்லாமே வெயில், தூசி."

"உனக்கு எல்லாமே திருட்டு. விட்டா சூரியனுக்கே அளவெடுத்துட்டுத்தான் விடிஞ்சுதுன்னு ஒத்துக்குவ" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாட்சி வேண்டும். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? டெய்லரம்மா வெட்டு மிச்சத்திலிருந்து ஒரு துண்டு வெள்ளை லைனிங் துணியைத் தேர்ந்தெடுத்தாள். வெள்ளையில்தான் எதுவும் பளிச்சென்று தெரியும். காலையில் முதலில் தன் கோழிகளைப் பிடித்து, அந்தத் துணியால் மூக்கையும் கண்ணையும் துடைத்துவிடுவாள். மனசுக்குப் பாவமாக இருக்கும், ஒவ்வொன்றோடும் பேசிக்கொண்டே துடைப்பாள். பிறகு துணியை இடுப்பில் செருகிக்கொள்வாள். சின்னவள் பேக்கரிக்குக் கிளம்பின சத்தம் கேட்டதும் கம்பிவலைக் கதவைத் திறந்து, அந்தப் பக்கத்துக் கூண்டுக்குள் போவாள். அங்கே ஒவ்வொரு கோழியாகப் பிடித்துக் காதில் வைத்துக் கேட்பாள். துணியில் சுத்தமான ஒரு மூலையைப் பார்த்து மடித்து, அதன் மூக்கைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. அந்த மூலை வெள்ளையாகவே இருந்தது. கோழிகள் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லாமல், இவளைப் புதிதாகப் பார்த்து முழித்தன.

'மருந்து ஏதாவது கொடுத்து அமுக்கி வச்சிருக்கா' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் போனாள், அதற்கு மறுநாளும் போனாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். இதற்கிடையில் சும்மாவும் இருக்கவில்லை. அளவு கொடுக்க வந்தவர்களிடம், தோளுக்கும் கைக்கும் டேப் வைக்கிற நேரத்தில், "நான் யாரையும் குத்தம் சொல்லலை" என்று ஆரம்பித்து முழுக் குற்றத்தையும் சொல்லி முடித்தாள். விஷயம் கைகால் முளைத்து, தெருவைச் சுற்றி, பேக்கரிக்கும் போய்ச் சேர்ந்தது. பேக்கரியில் சின்னவளிடம் முட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். சின்னவள் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவருகே வந்து "அக்கா" என்று கூப்பிடும் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. 'குத்தமுள்ள நெஞ்சு' என்று டெய்லரம்மா அதற்கும் கணக்கு வைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் துணியில் பட்டது. பழுப்பாக, பிசுபிசுவென்று, சந்தேகத்துக்கே இடமில்லாமல். பக்கத்துக் கோழியைத் தூக்கினாள். நெஞ்சில் கரகர. இன்னொன்று இவள் முகத்திலேயே தும்மியது. டெய்லரம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நோய்ப்பட்ட ஒரு ஜீவனைக் கையில் வைத்துக்கொண்டு, பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரிப் பூரித்துப்போனாள்.

மதியம் சின்னவள் வரும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வந்ததும் கதவைத் திறந்து, துணியை முகத்துக்கு நேராக நீட்டினாள். ஜாக்கெட் வாங்க வந்திருந்த பெண்கள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னடி?"

"என்னக்கா இது?"

"உன் கோழி மூக்குல வந்த சளி. பாரு, நல்லாப் பாரு. சாக்கு கட்டினா நோய் மறைஞ்சிடுமா? உன் கூண்டுல வச்சுக்கிட்டு என் கோழிக்குப் பரப்பிட்டியே!"

சின்னவள் ஓடிப்போய்த் தன் கோழிகளைப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. சண்டை போடுவாள், குரலை உயர்த்துவாள் என்று டெய்லரம்மா நாலு பதில்களைத் தயாராக வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை வரவில்லை.

"அந்த முட்டை அட்டையிலதான் வந்திருக்குமாக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

"வேற எப்படி வரும்?"

"நான்தான் கொண்டு வந்துட்டேனா..." என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கண் கலங்கியது. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கு ஜெயித்துவிட்டது. ஆனாலும் அன்று ராத்திரிச் சாப்பாடு டெய்லரம்மாவுக்கு இறங்கவில்லை.

மறுநாள் சாம்பல் கோழிக்கு மூச்சுத் திணறியது. வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தது. டெய்லரம்மா அதைக் கூடையில் வைத்து, கணவரின் ஸ்கூட்டரில் ஏறி, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணியையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள். படித்தவர்களிடம் போகும்போது ஆதாரத்தோடு போகவேண்டும்.

ஆஸ்பத்திரி அறையில் ஒரு தகர மேஜையும் எடைமெஷினும் இருந்தன, டெட்டால் வாசனையும் அடித்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கோழியின் கண்ணை விலக்கிப் பார்த்தாள், வாயைத் திறந்து பார்த்தாள், முதுகில் குழாய் வைத்துக் கேட்டாள்.

"மூச்சுக்குழாய்ல வர்ற தொத்துச் சளிம்மா. வந்து நாளாச்சே. புதுசா ஏதாவது கோழி சேர்த்தீங்களா?"

"இல்லை டாக்டர். எல்லாம் எங்க வீட்டுலயே வளர்ந்தது."

"செவலை?" என்றார் கணவர்.

டெய்லரம்மா திரும்பி அவரை முறைத்தாள். "அது சேவல். அதுக்கு ஒண்ணுமே இல்லையே. கல்லு மாதிரி இருக்கு."

"எங்கேயிருந்து வந்துச்சு அது?" என்று டாக்டரம்மா அவரைப் பார்த்துக் கேட்டாள்.

கணவர் பின்தலையைச் சொறிந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று மென்று முழுங்கினார். "ஒரு வீட்டுல பம்ப் மாட்டப் போயிருந்தேன். அவங்க வீட்டுக் கோழிங்க சளி வந்து பாதி போயிடுச்சு, மீதியைக் கழிச்சுட்டாங்க. இது ஒண்ணு மட்டும் தேறி நின்னுச்சு. தனியா நிக்குதே, எடுத்துட்டுப் போங்கன்னாங்க."

"இதை ஏங்க எங்கிட்டச் சொல்லலை?" என்று கேட்டாள் டெய்லரம்மா.

"சொல்லியிருந்தா நீ அதைச் சந்தேகப்பட்டிருப்பியே."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தேறின கோழி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நோய் அதன் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும், தும்மாமலே மற்றதுக்குக் கொடுக்கும் என்று விளக்கினாள். புதுசாக வருகிற எதையும் சில வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கவேண்டும் என்றாள்.

டெய்லரம்மா அப்போதும் விடவில்லை. "அப்படின்னா பக்கத்துல எங்க ஓரகத்தி கோழிங்களுக்கும் இருக்கே, அது எப்படி? இதோ பாருங்க." உறையிலிருந்து துணியை எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா கையுறை விரலால் அதன் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். எத்தனை கறை, எத்தனை மடிப்பு.

"இது எல்லாமே அவங்க கோழியோடதா?"

"இந்த மூலைதான் அவளோடது. மத்தது என்னோட கோழிங்களைத் துடைச்சது."

"ஒரே துணியா?"

"துவைப்பேன் டாக்டர். தினமும் சாயங்காலம் அலசிடுவேன்."

"காலையில உங்க கோழியைத் துடைச்சிட்டு, அதே துணியால அவங்க கோழியைத் துடைச்சீங்களா? அதே கையோட? அதே செருப்போட?"

டெய்லரம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"முதல் நாள் துடைச்சப்போ அங்க சளி இருந்துச்சாம்மா?"

முதல் நாள் அந்த மூலை வெள்ளையாக இருந்தது. இரண்டாம் நாளும் வெள்ளையாகத்தான் இருந்தது. அந்தக் கோழிகள் முழித்துப் பார்த்தது அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. இவளே போய், இவளே கொடுத்து, இவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

"இல்லை" என்றாள்.

"பரவாயில்லை, அங்க இப்பத்தான் ஆரம்பம். உடனே மருந்து கொடுத்தா நல்லாத் தேறிடும். உங்களோடதும் பெரும்பாலும் பிழைக்கும். ஆனா கோழியை வெளியே யாருக்கும் கொடுக்காதீங்க, புதுசா எதையும் சேர்க்காதீங்க. தண்ணியில கலக்குற மருந்து தர்றேன், ரெண்டு வீட்டுக்கும் வாங்கிக்குங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் டெய்லரம்மா மருந்துப் பாட்டில்களை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தாள். கணவர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு வண்டியை மட்டும் ஓட்டினார். எப்படிச் சொல்வது என்று அவள் வார்த்தைகளைப் போட்டுப் போட்டு எடுத்தாள். முதலில் மருந்தைக் கொடுத்துவிடலாம், நாலு நாளில் கோழி தேறட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது தன் யோசனைதான் என்று தெரிந்து தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இல்லை, இன்றைக்கே சொல்லிவிடவேண்டும்.

கொல்லைக்குப் போனபோது சின்னவள் வீட்டில்தான் இருந்தாள். வேலைக்குப் போகவில்லை. கூண்டு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. மூலையில் புதிதாக வெட்டி மூடின குழி, மேலே சுண்ணாம்புத் தூள் வெள்ளையாகக் கிடந்தது. சின்னவள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கோழியெல்லாம் எங்கடி?"

"முடிச்சாச்சுக்கா. அவரும் நானும் சேர்ந்து காலையில..." அவள் நிமிரவில்லை. "வச்சிருந்தா திரும்பத் திரும்ப உங்களோடதுக்கு வந்துக்கிட்டே இருக்கும்னு பேக்கரி முதலாளியம்மா போன்ல சொன்னாங்க. என்னால வந்தது, என்னோட போகட்டும். உங்க கோழியாவது பிழைக்கட்டும்."

டெய்லரம்மா பாட்டில்களைக் கீழே வைத்தாள். அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள்.

"உன்னால வரலைடி. என்னால வந்துச்சு."

"விடுங்கக்கா."

"நான் சொல்றதைக் கேளு. எங்க வீட்டுச் சேவல்தான் கொண்டு வந்துச்சு. உன் கோழிக்கு ஒண்ணுமே இல்லை. நான்தான்..."

சின்னவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இவள் தோளில் வைத்தாள். "என் மனசு ஆறணும்னு சொல்றீங்க. எனக்குத் தெரியாதா உங்களை? நீங்க அன்னிக்குக் கோபத்துல பேசினதை நான் மனசுல வச்சுக்கலைக்கா."

அங்கே நிறுத்தியிருக்கலாம். தோளில் இருந்த கை அவ்வளவு இதமாக இருந்தது. மன்னிப்பு தானாகவே வந்து மடியில் விழுந்திருக்கிறது, வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். ஆனால் அந்தக் குழி எதிரிலேயே இருந்தது. பொய்யை வைத்துக்கொண்டு அந்தக் கையைத் தோளில் தாங்க அவளால் முடியவில்லை.

"நீ வேலைக்குப் போனப்புறம் நான் தினமும் உன் கூண்டுக்குள்ள வந்தேன்" என்றாள். "என் கோழியைத் துடைச்ச துணியாலேயே உன் கோழியைத் துடைச்சேன். நோய் இருக்கான்னு பாக்க. முதல்ல இல்லை. நான் துடைச்சுத் துடைச்சுத்தான் வந்துச்சு. டாக்டரம்மா சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு, கூடத்தான் இருந்தார்."

சின்னவள் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். கோபமாக எடுக்கவில்லை, ஏதோ ஞாபகம் வந்தவள் போல மெதுவாக எடுத்தாள்.

"நான் இல்லாதப்போ தினமும் வந்தீங்களா?"

"கூண்டு வரைக்கும்தான்."

"வீட்டுக்குள்ள?"

"சத்தியமா இல்லடி!"

"பின்கதவை நான் பூட்டுறதே இல்லை. நீங்க இந்தப் பக்கம் இருக்கீங்கன்னு ஒரு தைரியம்." சின்னவள் குழியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன வருஷம் எங்கம்மா போட்ட வளையல் ஒண்ணு காணாமப் போச்சு. அவரைத்தான் திட்டினேன். குடிச்சிட்டீங்களா, வித்துட்டீங்களான்னு என்னென்னவோ கேட்டேன். இல்லை இல்லைன்னு அழுதார் மனுஷன்." இப்போது திரும்பி டெய்லரம்மாவை நேராகப் பார்த்தாள். "அன்னிக்கு நீங்களும் கூட வந்து தேடினீங்க. கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பார்த்தீங்க."

டெய்லரம்மா அந்த வளையலைத் தொட்டதுகூட இல்லை. அன்றைக்கு உண்மையாகவே தேடினாள், முழங்கால் வலிக்க வலிக்கத் தேடினாள். அதற்கு என்ன சாட்சி காட்டுவது?

"அது நான் இல்லைடி" என்றாள்.

சின்னவள் சரியென்று தலையை ஆட்டினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நம்பி ஆட்டிய தலையா, பேச்சை முடிப்பதற்காக ஆட்டிய தலையா என்று டெய்லரம்மாவுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். சின்னவள் உள்ளே போய்விட்டாள்.